தறிக்குடோன் ஆபீஸ் லேப்டாப் (திங்க்பேட் டி450): ராம் போடறதா, எஸ்எஸ்டி மாத்தறதா?

சோமனூர் கணக்கு:

வணக்கமுங்க. சோமனூர் பக்கம் விசைத்தறிக் குடோன் ஆபீஸ்ல ஓடற லேப்டாப் பத்திக் கேக்கோணும். லெனோவா திங்க்பேட் டி450, ரீஃபர்பிஷ்டு மெஷின். ப்ராசஸர் ஐ5-5300யு, ராம் 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் (5400 ஆர்பிஎம்), விண்டோஸ் 10 ப்ரோ. டிஸ்க்குல 140 ஜிபி நிரம்பியிருக்குது.

டேலி பிரைம், எக்ஸெல், குரோம்ல ஜிஎஸ்டி போர்ட்டல், இ-வே பில், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன். இவ்வளவுதான் வேலை. ஆன் பண்ணி டேலி திறக்கறதுக்குள்ள 7 நிமிஷம் ஆகுதுங்க. குரோம்ல நாலு டேப் திறந்தா மவுஸே நின்னு நின்னு நகருது.

டாஸ்க் மேனேஜர்ல பாத்தது: மெமரி 88%. டிஸ்க் 100%, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் 600-ல இருந்து 1800 மில்லிசெகண்ட் வரைக்கும் போகுது. ப்ராசஸர் 15% தாண்டறதில்ல. கமிட்டெட் (ஓடற ப்ரோக்ராமுக்கெல்லாம் ஒதுக்கின மொத்த மெமரி) 6.9/8.4 ஜிபி. ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2.

ராம் முதல்ல போடறதுங்களா, எஸ்எஸ்டியா (சுத்தற தட்டு இல்லாத சிப் டிஸ்க்)? ராம் 4 போதுமா, 8 வேணுமா? என்விஎம்இ எஸ்எஸ்டிதான் வேகம்னு கடையில சொல்றாங்க, இதுல சேருமா? டேலி லைசென்ஸ், டேட்டா எதுவும் போயிராம மாத்த முடியுங்களா?

இன்னொன்னு. ராத்திரி தறி நின்னதுக்கப்புறம் இதே மெஷின் கொஞ்சம் பரவால்ல. தறி ஓடறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமுங்களா?


சென்னிமலை சர்வீஸ்:

கடைசிக் கேள்விக்குத்தானுங்க முதல்ல பதில் சொல்லோணும். சம்பந்தம் இருக்குது.

ஹார்ட் டிஸ்க்குல தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துது. ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். தட்டுக்கும் படிக்கிற தலைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, தலைமுடித் தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது. அந்தத் தலை, கண்ணுக்கே தெரியாத ஒரு தடத்து மேல நிக்கோணும். பக்கத்துல தறி அடிக்கற அடி தரை வழியா மேசைக்கு வந்து, மேசை வழியா டிஸ்க்குக்கு வந்தா தலை தடத்தை விட்டு விலகும். விலகினா அந்த இடம் மறுக்கா சுத்தி வர்ற வரைக்கும் காத்திருந்து மறுபடி படிக்கும். ஒவ்வொரு தவறுக்கும் இன்னொரு 11 மில்லிசெகண்ட். டிஸ்க் 100% ஓடிட்டே வேலை மட்டும் நகராம நிக்கறதுக்கு இது ஒரு காரணம்.

திங்க்பேட்ல கூடுதலா ஒரு சமாச்சாரம் இருக்குதுங்க. ஆக்டிவ் ப்ரொடெக்‌ஷன் சிஸ்டம்னு ஒரு அதிர்வு உணரி. லேப்டாப் கீழ விழப்போகுதுன்னு தோணினா டிஸ்க்கோட தலையை ஓரத்துல ஒதுக்கி நிறுத்திரும். நல்ல ஏற்பாடுதான், ஆனா தறிக்குடோன்ல அது அடிக்கடி தப்பா நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்த சாஃப்ட்வேர் உங்க மெஷின்ல இருந்தா அதோட செட்டிங்ஸ்ல, திரும்பத் திரும்ப வர்ற சின்ன அதிர்வைக் கண்டுக்க வேண்டாம்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். எஸ்எஸ்டி போட்டதுக்கப்புறம் அந்த சாஃப்ட்வேரே தேவையில்ல.

காசு செலவில்லாத சோதனை ஒன்னு: தறி ஓடறப்ப ஒருக்கா, நின்னதுக்கப்புறம் ஒருக்கா, ரெண்டு தடவையும் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஒரே டேலி கம்பெனியைத் திறந்து ரெஸ்பான்ஸ் டைமைக் குறிச்சுக்குங்க. ரீஸ்டார்ட் அவசியம், இல்லாட்டி ரெண்டாந்தடவை ராம்ல இருந்தே எடுத்துக்கும், கணக்கு தப்பும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா அதிர்வுதான். ரெண்டும் ஒரே மாதிரி மோசமா இருந்தா டிஸ்க்கே போயிட்டிருக்குதுன்னு அர்த்தம். டிஸ்க்கோட உடல்நிலை காட்டற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் போட்டு 05, சி5, சி6 இந்த மூணு வரியோட ரா வேல்யூ பாருங்க. மூணும் சைபரா இருக்கோணும். சி5-ல எண் ஏறியிருந்தா படிக்க முடியாத செக்டார் இருக்குது. அப்படின்னா இன்னைக்கே டேட்டா பேக்கப், மத்ததெல்லாம் அப்புறம்.

இனி எது முதல்லங்கறது. எஸ்எஸ்டிதான் முதல்ல. ஏன்னு கணக்காவே பாருங்க. 5400 ஆர்பிஎம் டிஸ்க்குல சிதறிக் கிடக்கற சின்னச் சின்னத் துண்டைப் படிக்க, தலை நகர சுமார் 12, தட்டு அந்த இடத்துக்கு வர சராசரி 5.6, ஆகமொத்தம் 17-18 மில்லிசெகண்ட். விநாடிக்கு 55-60 துண்டுக்கு மேல எடுக்க முடியாது. ஒரு துண்டு 4 கேபின்னா விநாடிக்குக் கால் எம்பி கூட வரல. விண்டோஸ் ஆன் ஆகறதும் டேலி திறக்கறதும் இந்த மாதிரி சிதறல் வேலைதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாட்டற அதே கனெக்டர்ல மாட்டறது) இதே வேலையை விநாடிக்குப் பல ஆயிரம் துண்டு எடுக்கும். அதிர்வு அதுக்கு ஒன்னுமே பண்ணாது, உள்ள நகர்ற பாகமே இல்ல.

என்விஎம்இ (எம்.2ங்கற இடத்துல செருகற பட்டை மாதிரி எஸ்எஸ்டி) இதுல சேராதுங்க. டி450-ல இருக்கறது 7 மில்லிமீட்டர் தடிமன் 2.5 இஞ்ச் சாட்டா டிஸ்க் இடம். சிம் கார்டு மோடத்துக்குன்னு ஒரு குட்டி எம்.2 இடம் உண்டு, அது 42 மில்லிமீட்டர் நீளம்தான். கடையில கிடைக்கற 80 மில்லிமீட்டர் என்விஎம்இ அதுல உட்காராது. 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு கேட்டு வாங்குங்க. சாட்டாவோட உச்சம் விநாடிக்கு 550 எம்பி கிட்ட. உங்க வேலைக்கு அதுவே தாராளம்.

அளவு: 250 ஜிபி டிஸ்க் விண்டோஸ்ல 232-ன்னு காட்டும், 500 ஜிபி 465-ன்னு காட்டும். 140 நிரம்பியிருக்கறப்ப 250 போட்டா 90 மிச்சம், போதும். ஆனா விலை வித்தியாசம் தாங்கும்னா 500 எடுங்க. எஸ்எஸ்டி முக்கால்வாசிக்கு மேல நிரம்பிட்டா எழுதற வேகம் குறையும். சாம்சங் 870 ஈவோ மாதிரி, உள்ளுக்குள்ள டிராம் கேஷ் (எஸ்எஸ்டிக்குன்னு ஒரு குட்டி வேக மெமரி) இருக்கறது நல்லது, 5 வருஷ வாரண்டி. கிங்ஸ்டன் ஏ400, க்ரூஷியல் பிஎக்ஸ்500 மாதிரி கேஷ் இல்லாததும் உங்க ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு மேல்தான். பேர் தெரியாத "2 டிபி" எஸ்எஸ்டி அடிமாட்டு விலைக்கு வந்தா தொடாதீங்க. உள்ள சின்ன மெமரி கார்டை வச்சுக்கிட்டுப் பெரிய அளவு காட்டற போலி நிறைய சுத்துது.


நொய்யல் கரை:

சென்னிமலை அண்ணா சொன்னதுல ஒரு இடத்துல மாத்துக் கருத்து. 4 ஜிபி ராம்ல கமிட்டெட் 6.9 நிக்குது. ஏறக்குறைய 3 ஜிபி, ராம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்குல ஒதுக்கிக்கற பேஜ் ஃபைலுக்குப் போகுதுன்னு வச்சுக்கலாம். டிஸ்க் 100% ஆகறதுக்கு ராம் பத்தாததே பாதிக் காரணம். ராம் ஸ்டிக் ஒன்னு போட்டாலே டிஸ்க் மேல இருக்கற பாரம் இறங்கிரும். மெஷினைக் கழட்டற வேலையும் கம்மி, விண்டோஸைத் தொடவே வேண்டியதில்ல. முதல்ல ராம் போட்டுப் பாக்கட்டுமுங்க.


சென்னிமலை சர்வீஸ்:

நீங்க சொல்றது சரியான கணிப்புதானுங்க, பேஜிங் நடக்குது, அதுல சந்தேகமில்ல. ஆனா ராம் மட்டும் போட்டா காலையில ஆன் பண்றப்ப அந்த 7 நிமிஷம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மொத தடவை எல்லாமே டிஸ்க்குல இருந்துதான் ராமுக்கு வரோணும். எஸ்எஸ்டி மட்டும் போட்டா பேஜிங் நடந்தாலும் ஆள் உணர மாட்டார்.

இன்னொரு காரணம் காசு. எஸ்எஸ்டிக்குப் போடற பணம் அடுத்த மெஷினுக்கும் கூட வரும். இந்த லேப்டாப் நாளைக்கு மூலைக்குப் போனாலும் அதைக் கழட்டி வேற லேப்டாப்ல போடலாம், யுஎஸ்பி கேஸ்ல போட்டு பேக்கப்புக்கு வச்சுக்கலாம். டிடிஆர்3எல் ராமுக்குப் போடற பணம் இந்த மெஷினோட முடிஞ்சுது. டிடிஆர்3 ஸ்டிக்குக்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, வெட்டு இருக்கற இடமும் வேற. இதுக்கு வாங்கின ராம் புது மெஷின்ல எதுலயும் ஏறாது.

அதுனால எஸ்எஸ்டி புதுசா, வாரண்டியோட. ராம் பழைய லேப்டாப்ல இருந்து கழட்டினதா, சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் ஸ்டிக்கர் இருக்கற ஒரிஜினல் ஸ்டிக்கா வாங்கினாலே போதும். பேர் தெரியாத புது ஸ்டிக்கைவிட இது நம்பிக்கையானது. கோயமுத்தூர் காந்திபுரத்துல லேப்டாப் சர்வீஸ் பண்றவங்ககிட்ட கேட்டா கிடைக்கும். ஒரு வாரம் மாத்திக் கொடுப்பீங்களான்னு மட்டும் முன்னாடியே பேசிக்குங்க.

என்ன ஸ்டிக்: லேபிள்ல "பிசி3எல்-12800எஸ்" இருக்கோணும். அந்த "எல்" முக்கியம். 1.35 வோல்ட்டுல ஓடறதுக்கு அடையாளம். "எல்" இல்லாதது 1.5 வோல்ட். அஞ்சாந்தலைமுறை யு ப்ராசஸர் 1.35 மட்டும்தான் கொடுக்கும். 12800-ங்கறது 1600 வேகம் (1600ஐ 8 ஆல பெருக்கினா 12800).

டி450-ல ரெண்டு ஸ்லாட், லெனோவா கணக்குப்படி உச்சம் 16 ஜிபி. இருக்கற 4-ஓட இன்னொரு 4 போட்டா மொத்தம் 8, ரெண்டு சேனலும் (ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவுல இருக்கற பாதை) முழுசா ஓடும். இருக்கற 4-ஓட 8 போட்டா 12. அதுல முதல் 8 ஜிபி இரட்டைச் சேனல்ல ஓடும், மிச்சம் 4 ஒத்தைச் சேனல்ல. வேறவேற அளவு சேராதுன்னு சில கடையில சொல்லுவாங்க, அது சரியில்ல. உங்க வேலைக்கு மொத்தம் 8 ஜிபி போதும். குரோம்ல நாலுக்கு மேல டேப் வேணும்னா 8 ஸ்டிக் எடுங்க. டி450-ன்னு உறுதிப்படுத்திக்குங்க, டி450எஸ்னா கதை வேற. அதுல 4 ஜிபி போர்டுலயே பத்த வச்சிருக்கும், ஸ்லாட் ஒன்னுதான்.


பவானி கூடுதுறை:

கழட்டறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிர்றேன், இதுல தப்பு நடந்தா மதர்போர்டே போயிரும்.

டி450-க்கு ரெண்டு பேட்டரி. பின்னால வெளிய கழட்டறது ஒன்னு. முன்பக்கம் உள்ளுக்குள்ள 23 வாட்-ஹவர்ல இன்னொன்னு. வெளிய இருக்கறதைக் கழட்டிட்டா கரண்ட் இல்லைன்னு நினைச்சு ராமைப் புடுங்கறாங்க. உள்ள இருக்கற பேட்டரி போர்டுக்குக் கரண்ட் கொடுத்துட்டேதான் இருக்கும். ஸ்க்ரூ ஒன்னு தவறி விழுந்தாலும் ஷார்ட்.

அதுனால இந்த வரிசை மாறக்கூடாது. மெஷினை ஆன் பண்ணி லெனோவா எழுத்து வர்றப்ப என்டர், அப்புறம் எஃப்1. பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மெஷின் செட்டிங்ஸ்) திறக்கும். கான்ஃபிக் > பவர் > டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி. சார்ஜரை உருவிட்டு "யெஸ்" கொடுத்தா மெஷின் தானா அணைஞ்சிரும். ரெண்டு மூணு நிமிஷம் ஆற விடுங்க. பின் பேட்டரியைக் கழட்டுங்க. எல்லாம் முடிஞ்சு மூடினதுக்கப்புறம் சார்ஜர் மாட்டினாத்தான் மெஷின் ஆன் ஆகும், உள் பேட்டரியும் அப்பத்தான் உசுர் வரும். சார்ஜர் மாட்டாம பவர் பட்டனை அமுத்திட்டு "செத்துப்போச்சு"ன்னு பதறாதீங்க.

ரீஃபர்பிஷ்டு மெஷின்ல பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருந்தா பயாஸ்ல இந்த ஆப்ஷனை மாத்த விடாது. அப்ப அடிமூடியைத் திறந்ததும் வேற எதையும் தொடாம முதல் வேலையா உள் பேட்டரியோட கனெக்டரை எடுத்துருங்க.

அடிமூடி ஸ்க்ரூ எல்லாம் மூடியிலயே நிக்கும், கீழ விழாது. லூஸ் பண்ணினாப் போதும். மூடியை பிளாஸ்டிக் கார்டு, பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஒன்னை விட்டு ஓரமா நகர்த்திட்டே வாங்க. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா உள்ள கொக்கி உடையும்.

பாலியஸ்டர் சட்டையோட வேண்டாமுங்க. தறிக்குடோன் பஞ்சுக் காத்துல ஸ்டாடிக் சுலபமா ஏறும். வேலைக்கு நடுநடுவ உலோகத்தைத் தொட்டுக்குங்க.

ராம் ஸ்டிக்கை 30 டிகிரி சாய்வுல செருகி, தங்கப் பட்டை ஏறக்குறைய முழுசா உள்ள போனதுக்கப்புறம் கீழ அமுத்துங்க. ரெண்டு பக்கக் கொக்கியும் "டிக்"குன்னு விழோணும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தா கழட்டி மறுக்கா.

ஹார்ட் டிஸ்க்கை எடுக்கறப்ப சாட்டா கனெக்டர்ல இருந்து நேரா இழுங்க, தூக்கி நெம்பாதீங்க. அதுல இருக்கற ஃப்ரேமைக் கழட்டி எஸ்எஸ்டிக்கு மாட்டுங்க. ஃப்ரேம் இல்லாம வச்சா உள்ள ஆடும், கனெக்டர் நாளடைவுல தளரும். தறி அதிர்ற இடத்துல இது சீக்கிரமே நடக்கும்.


கரூர் டேலி டெஸ்க்:

டேட்டா பக்கம் நான் சொல்கிறேன்.

எந்த வழியில் மாற்றினாலும் முதல் வேலை பேக்கப். டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் > பேக்கப், எல்லாக் கம்பெனியையும் தேர்வு செய்து பென்டிரைவுக்கு எடுங்கள். அத்துடன், டேட்டா ஃபோல்டர் முழுவதையும் தனியாக நகல் எடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று கம்பெனி தேர்வு செய்யும் திரையிலேயே பாதை தெரியும். உள்ளே 10000, 10001 என்று எண் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. இரண்டு நகல் வேண்டும், ஒன்று போதாது. பென்டிரைவில் எடுத்ததை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் வரை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லைசென்ஸ்: டேலி லைசென்ஸ் அந்த மெஷினின் ஹார்டுவேரோடு கட்டப்பட்டது. டிஸ்க் மாற்றுவதற்கு முன் எஃப்1 > செட்டிங்ஸ் > லைசென்ஸ் போய் சரண்டர் செய்துவிடுங்கள் (லைசென்ஸை இந்த மெஷினிலிருந்து விடுவிப்பது). மாற்றியபின் அதே சீரியல் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் கொடுத்து மீண்டும் ஆக்டிவேட் செய்யலாம். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். பல ஆபீஸ்களில் வேலை நிற்பது இந்த இடத்தில்தான்.

குளோனா (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதா), புதிதாக விண்டோஸா? கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி5 சைபர் என்றால் குளோன் செய்யலாம். சைபர் இல்லையென்றால் வேண்டாம். படிக்க முடியாத செக்டாரில் குளோன் பாதியில் நிற்கும், அல்லது கெட்டுப்போன ஃபைலோடு முடியும்.

குளோனுக்கு வேண்டியது 2.5 இஞ்ச் டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 - சாட்டா கேபிள் ஒன்று. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன்சில்லா என்ற இலவச நகலெடுப்பு மென்பொருளில் நேராகப் போனால் "இலக்கு சிறியது" என்று மறுத்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ஷ்ரிங்க் செய்தாலும், டிஸ்க்கின் கடைசியில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் அது இடையூறு. சாம்சங் வாங்கினால் அவர்களுடைய டேட்டா மைக்ரேஷன் மென்பொருள் சிறிய டிஸ்க்குக்கும் தானே சரிசெய்து நகலெடுக்கும். 140 ஜிபிக்கு அரை மணி நேரம் ஆக வேண்டியது, சிதறிய டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரம் கூட ஆகலாம். தறி நின்ற பிறகு செய்யுங்கள், முடிந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்யுங்கள்.

சி டிரைவ் ஐகானில் பூட்டுப் படம் இருந்தால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறது. ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, அதை நிறுத்திவிட்டு குளோன் செய்யுங்கள்.

குளோன் முடிந்ததும் மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கை முற்றிலும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்க முதல் தடவை ஆன் செய்யவும். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே சிக்னேச்சர் (அடையாள எண்) இருப்பதால், இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், அல்லது பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகும்.

என் பரிந்துரை புதிய விண்டோஸ்தான். பல வருடக் குப்பை போய்விடும். 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல், ஆன் செய்யும்போது எஃப்12. ஆக்டிவேஷன் பக்கத்தில் "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று முன்பே இருந்தால் கீ கேட்கும் இடத்தைத் தாண்டிவிடலாம். அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் தானே ஆக்டிவேட் ஆகும். டிஎஸ்சி டோக்கன் டிரைவர், பிரிண்டர் டிரைவர் இரண்டையும் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.


சோமனூர் கணக்கு:

எல்லாருக்கும் நன்றிங்க. சோதனை பண்ணினது: தறி ஓடறப்ப 1400 மில்லிசெகண்ட், நின்னதுக்கப்புறம் 350. சி5 சைபர், 05-ல மட்டும் 8 இருக்குது.

870 ஈவோ 500 ஜிபி வாங்கியாச்சு. ராம் 8 ஜிபி ஸ்டிக் ஒன்னும் வாங்கியாச்சு. பயாஸ்ல பேட்டரியை டிஸேபிள் பண்ணித்தான் திறந்தேனுங்க. டிஸ்க்கை இன்னும் மாத்தல. ராம் மட்டும் போட்டு மூடி சார்ஜர் மாட்டினா ஸ்க்ரீன் கருப்பாவே நிக்குது. ஃபேன் சுத்துது, பீப் சத்தம் வருது. புது ஸ்டிக்கைக் கழட்டினா பழையபடி ஆன் ஆகுது. ஸ்லாட் கெட்டுப்போச்சுங்களா?


பவானி கூடுதுறை:

ஸ்லாட் பத்தி அப்புறம் பாக்கலாம். புது ஸ்டிக்கோட லேபிளை ஒரு எழுத்து விடாம இங்க போடுங்க.

அதுக்குள்ள ரெண்டு சோதனை. இருக்கற 4 ஜிபி ஸ்டிக்கை ரெண்டாவது ஸ்லாட்டுல மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. ஆன் ஆச்சுன்னா ஸ்லாட் நல்லாருக்குது. அப்புறம் புது ஸ்டிக்கை மட்டும் முதல் ஸ்லாட்டுல போட்டுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் பயாஸ்ல பேட்டரியை மறுபடி டிஸேபிள் பண்ணோணும், ஏன்னா சார்ஜர் மாட்டினதுமே அது திரும்ப உயிர் பெற்றிருக்கும். ராம் மாத்தின முதல் தடவை அரை நிமிஷம் கருப்பா நிக்கறது சகஜம், உடனே அணைச்சிராதீங்க.


சோமனூர் கணக்கு:

4 ஜிபி ஸ்டிக் ரெண்டாவது ஸ்லாட்டுலயும் ஓடுது. புது ஸ்டிக் தனியாப் போட்டாலும் பீப்தான். லேபிள்ல "8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்"-ன்னு இருக்குதுங்க.


சென்னிமலை சர்வீஸ்:

"எல்" இல்லைங்க. 1.5 வோல்ட் ஸ்டிக். ஸ்லாட்டும் நல்லாருக்குது, ஸ்டிக்கும் கெட்டதில்ல, இந்த மெஷினுக்குச் சேராது, அவ்வளவுதான். ரெண்டாம், மூணாந்தலைமுறை லேப்டாப்புக்கு அது சரியா ஓடும், அதுனால கடையில மாத்திக்கொடுக்கறதுல பிரச்சினை இருக்காது. உங்க பழைய 4 ஜிபி ஸ்டிக்கைக் கையில எடுத்துட்டுப் போய் லேபிளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து வாங்குங்க.

மாத்தி வாங்கினதுக்கப்புறம், ராம் சோதிக்கற மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவுல போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்க. நாலு சுத்து முடிஞ்சு பிழை சைபர் வரோணும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். கெட்ட ராம் உடனே மெஷினை நிறுத்தாது. டேலி டேட்டாவுல எங்கயோ ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டுப் போயிரும், மாசக் கடைசியில டேலி ஆகாம நிக்கறப்பத்தான் தெரியும்.

05-ல 8 இருக்கறது பழைய டிஸ்க்குல எட்டு செக்டார் மாத்தப்பட்டிருக்குதுன்னு அர்த்தம். அது நகலெடுக்கத் தடையில்ல, ஆனா அந்த டிஸ்க்கை இனி ஒரே பேக்கப்பா நம்பக்கூடாது. மாத்தினதுக்கப்புறம் ஒரு மாசம் அதைத் துடைக்காம அப்படியே எடுத்து வைங்க. விட்டுப்போன ஃபைல் ஏதாவது ஞாபகம் வரும்.


நொய்யல் கரை:

மூடி திறந்திருக்கறப்பவே ஃபேனைப் பாருங்க. இதை யாரும் சொல்லல. தறிக்குடோன் மெஷின்ல பஞ்சு, ஃபேனுக்கும் செப்பு ஃபின்னுக்கும் நடுவுல கம்பளம் மாதிரி படிஞ்சிருக்கும். வெளிய இருந்து ஊதினா போகாது, இன்னும் இறுகும். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால புடிச்சுக்கிட்டு, பஞ்சை இடுக்கியால பட்டையா உரிச்சு எடுங்க, அப்புறம் பிரஷ். இறக்கையைப் புடிக்காம ப்ளோயர் அடிச்சா ஃபேன் தாறுமாறா சுத்தி பேரிங் போயிரும்.

ஆனி, ஆடிக் காத்துல பல்லடம், சோமனூர் பக்கமெல்லாம் மண்ணும் சேர்ந்துக்கும், அதுனால ஆவணியில ஒருக்கா, தை மாசத்துல ஒருக்கா சுத்தம் பண்ணினா நல்லது.

இதையும் டாஸ்க் மேனேஜர்லயே கண்டுபிடிக்கலாம். 5300யு-வோட அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், வேலை இருக்கறப்ப 2.9 வரைக்கும் போகும். வேலை நிறைய இருந்தும் 0.8-லயே நிக்குதுன்னா சூட்டுக்கோ சார்ஜருக்கோ பயந்து தானா குறைச்சுக்குது. அப்ப ராம், எஸ்எஸ்டி எது போட்டும் வேகம் வராது. பஞ்சு எடுத்தும் சூடு இறங்கலைன்னா தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும், பழசை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால தொடைச்சுட்டு அரிசி அளவுக்குப் புதுசு வைங்க, அதிகம் வேண்டாம்.

தூசி வராம இருக்க லேப்டாப்பை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சு ஓட்டறாங்க சிலபேர். அடியில காத்து இழுக்கற ஓட்டை அடைபடும். தயவுசெஞ்சு அது வேண்டாம்.


சோமனூர் கணக்கு:

பிசி3எல் ஸ்டிக் மாத்திக் கொடுத்தாங்க. மெம்டெஸ்ட் நாலு சுத்து, பிழை சைபர். ஃபேன்ல நீங்க சொன்னபடியே பஞ்சு பட்டையா வந்துதுங்க. விண்டோஸ் புதுசாப் போட்டு, டேலி ஆக்டிவேட் ஆகி, டேட்டா ரீஸ்டோர் ஆயிருச்சு.

இப்ப ஆன் பண்ணி டேலி திறக்க 40 விநாடி. தறி ஓடறப்ப ரெஸ்பான்ஸ் டைம் 1, 2 மில்லிசெகண்ட். மெமரி 12-க்கு 5 ஜிபி.

எஸ்எஸ்டி தேயாம இருக்க பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணோணும், வாரம் ஒருக்கா டிஃபிராக் பண்ணோணும்னு ஒருத்தர் சொன்னார். பண்ணலாமுங்களா? விண்டோஸ் 10-லயே இருக்கறது பரவால்லைங்களா?


சென்னிமலை சர்வீஸ்:

பேஜ் ஃபைலைத் தொடாதீங்க. ஆஃப் பண்ணினா ராம் நிரம்பற நேரத்துல குரோமோ எக்ஸெல்லோ அப்படியே மூடிக்கும், சேமிக்காத வேலை போயிரும். 870 ஈவோ 500 ஜிபிக்கு சாம்சங் சொல்ற எழுத்துத் தாங்குதிறன் 300 டிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 15,000 நாள், 41 வருஷம்.

டிஃபிராக் எஸ்எஸ்டிக்கு வேண்டாம். "ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" திறந்து மீடியா டைப்ல "சாலிட் ஸ்டேட் டிரைவ்"னு காட்டுதான்னு மட்டும் பாருங்க. அப்படிக் காட்டினா விண்டோஸ் வாராவாரம் தானா ட்ரிம் பண்ணும் (அழிச்ச ஃபைல் இருந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்லும்).

கவனிக்க வேண்டியது பேட்டரி. பின் பேட்டரி செத்துப்போய் சார்ஜர்லயே ஓட்டிட்டிருந்தா, கரண்ட் போற நொடியில எஸ்எஸ்டியும் நின்னுரும். எழுதிட்டிருந்த டேலி ஃபைல் பாதியில அறுந்துபோகும். அரை மணி நேரமாவது தாங்கற பேட்டரி மாட்டி வைங்க.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டோட ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. தனியாகப் பதிவு பண்ணிக்கிட்டா வீட்டு உபயோக மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். ஆபீஸ் மெஷினுக்குத் தனி உரிமம் காசு கொடுத்து வாங்கோணும். விண்டோஸ் 11 எட்டாந்தலைமுறை ப்ராசஸரும் டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப்பும் கேக்குது. இதுல அஞ்சாந்தலைமுறை, டிபிஎம் 1.2. குறுக்குவழியில ஏத்தறாங்க, ஆனா பேங்க், ஜிஎஸ்டி, டிஎஸ்சி எல்லாம் ஓடற மெஷின்ல அது வேண்டாமுங்க.

அடுத்த மெஷின் பாக்கறப்ப டி480 பாருங்க. ஏழாந்தலைமுறையிலயும் வந்திருக்குது, எட்டாந்தலைமுறைன்னு பாத்து எடுங்க. ரெண்டு டிடிஆர்4 ஸ்லாட், 2.5 இஞ்ச் இடமும் உண்டு. டி480எஸ், டி490 ரெண்டுலயும் கொஞ்சம் ராம் போர்டுலயே பத்த வச்சிருக்கும், 2.5 இஞ்ச் இடமும் கிடையாது. டி480 வாங்கறப்ப உள்ள என்விஎம்இ இருந்தா அதுக்குன்னு தனி ஃப்ரேமும் கேபிளும் போட்டிருப்பாங்க. இப்ப வாங்கின 870 ஈவோவை அதுல மாட்டோணும்னா 2.5 இஞ்ச் சாட்டா கேபிளை விக்கறவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குங்க, அப்புறம் தேடினா சிரமம்.